காற்றை நம்பிப் பாலைவனம் போகலாமா?

மேடு பள்ளத்தில் ஓடுவதற்கென்றே செய்யப்பட்ட வண்டிகள் உண்டு. என்ஜினின் சக்தி நான்கு சக்கரங்களுக்கும் போகும். மணலிலும் ஏறும், சேற்றிலும் ஏறும்.

இந்த வண்டியின் எடையைத் தாங்குவது எது? ஸ்பிரிங். பழைய வண்டிகளில் பட்டை பட்டையாக அடுக்கிய ஸ்பிரிங் இருந்தது. 1970-ம் ஆண்டு இங்கிலாந்தில் வெளிவந்த ரேஞ்ச் ரோவர் வண்டியில் நான்கு சக்கரங்களுக்கும் சுருள் ஸ்பிரிங் வைத்தார்கள். குலுக்கல் குறைந்தது. பிறகு மற்றக் கம்பெனிகளும் அந்த வழிக்கு வந்தன.

இப்போது ஆஸ்திரேலியாவில் சிலர் அந்தச் சுருளையும் கழற்றிவிடுகிறார்கள். அந்த இடத்தில் காற்று அடைத்த ரப்பர் பையை வைக்கிறார்கள்.

இது நல்லதா? ஊருக்குப் பக்கத்தில் ஓட்டுகிறவர்களுக்கு நல்லது. பெண்டாட்டி பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு பாலைவனம் போகிறவர்களுக்கு ஆபத்து!

சுருளின் குறை

சுருளிலும் குறை உண்டு. அதன் பலம் மாறாது. சுமைக்கு ஏற்ற கெட்டியான சுருளைப் போட்டால், வெறும் வண்டி தூக்கித் தூக்கிப் போடும். மெல்லிய சுருளைப் போட்டால், சுமை ஏறியதும் பின்பக்கம் தாழ்ந்துவிடும். முன்விளக்கு வானத்தைப் பார்க்கும்.

பாலைவனப் பயணத்துக்குச் சுமை அதிகம். 100 லிட்டர் தண்ணீர் என்றால் 100 கிலோ. 180 லிட்டர் டீசல் என்றால் ஏறக்குறைய 150 கிலோ. கூடாரம், சாப்பாட்டுச் சாமான், மாற்று டயர் எல்லாம் தனி. போகப் போகத் தண்ணீரும் டீசலும் குறையும். சுமையும் குறையும்.

காற்றுப் பைக்கு இந்தக் கவலை இல்லை. சுமை ஏறினால் காற்றை அடைக்கலாம். இறங்கினால் திறந்துவிடலாம். ஆசைப்படுகிறவர்கள் சொல்லும் காரணம் இதுதான். அதில் உண்மை இருக்கிறது.

அமெரிக்கா கற்ற பாடம்

ஆனால் ரப்பர் கிழியும். குழாய் கசியும்.

1957-ம் ஆண்டு அமெரிக்காவில் காடிலாக் எல்டொராடோ புரோகம் என்ற கார் வந்தது. விலை 13 ஆயிரம் டாலருக்கு மேல். பெரும் பணக்காரர்கள் வாங்கினார்கள். அதில் காற்று ஸ்பிரிங் இருந்தது. காற்று கசிந்தது. கார் தரையோடு தாழ்ந்து நின்றது! வாங்கியவர்கள் பலர் காற்றுப் பையைக் கழற்றி எறிந்துவிட்டு, சுருள் ஸ்பிரிங்கையே மாட்டிக்கொண்டார்கள்.

ரேஞ்ச் ரோவர் வண்டிக்கும் 1992-ம் ஆண்டில் காற்று ஸ்பிரிங் வந்தது. கம்பெனியே கணக்குப் போட்டுச் செய்தது. அப்படியும், வண்டி பழசானதும் சுருளுக்குத் திரும்பியவர்கள் உண்டு.

காடிலாக் நின்றது நகரத்தில். பக்கத்திலேயே பட்டறை இருந்தது.

மேற்கு ஆஸ்திரேலியாவில் கானிங் பாதை இருக்கிறது. நீளம் சுமார் 1,850 கிலோ மீட்டர். நூற்றுக்கணக்கான மணல் மேடுகளைத் தாண்ட வேண்டும். அங்கே பை கிழிந்தால் யாரைக் கூப்பிடுவது? வண்டி அடிக்கட்டையில் உட்கார்ந்துவிடும். ஊர்ந்துதான் போக வேண்டும். இரண்டு நாள் பயணம் நான்கு நாள் ஆகலாம். ஆனால் பீப்பாயில் இருக்கும் தண்ணீர் கூடாது!

உயரம் கூடினால் போதுமா?

"காற்றை அடைத்தால் வண்டி உயரும், கல்லில் இடிக்காது" என்பார்கள். இது பாதி உண்மை. இரண்டு சக்கரத்தையும் ஒரே அச்சு இணைக்கும் வண்டிகளில், அச்சின் நடுவே பல்சக்கரப் பெட்டி தொங்குகிறது. உடம்பு உயர்ந்தாலும் அந்தப் பெட்டி உயராது. அது உயர வேண்டுமானால் பெரிய டயர்தான் போட வேண்டும்.

இன்னொன்று. காற்றை அடைப்பதால், வண்டி ஏற்றலாம் என்று கம்பெனி விதித்த எடை ஒரு கிலோகூடக் கூடாது.

நல்ல வழி

அப்படியானால் காற்றே வேண்டாமா? வேண்டும். ஆனால் சுருளைக் கழற்ற வேண்டாம். சுருளுக்கு உள்ளேயே வைக்கும் சிறு காற்றுப் பைகள் விற்கின்றன. சுமை கூடும்போது பை கைகொடுக்கும். பை கிழிந்தாலும் சுருள் தாங்கும். வண்டி சற்றுத் தாழும்; ஆனால் வீடு வந்து சேரும்.

வலப் பைக்கும் இடப் பைக்கும் தனித்தனிக் குழாய் வேண்டும். ஒரே குழாயானால், வண்டி ஒரு பக்கம் சாயும்போது அந்தப் பக்கத்துக் காற்று மறுபக்கம் ஓடிவிடும். சாய்வு இன்னும் அதிகமாகும்.

முழுவதும் காற்றுக்கே மாறியவர்கள், மாற்றுப் பையும் குழாயும் பம்பும் இல்லாமல் புறப்படக் கூடாது. பையை நம்பி வண்டிக்கு அடியில் படுக்கவும் கூடாது. காற்று இறங்கினால் வண்டியும் இறங்கும்.

வண்டியில் இருப்பது சாமான் மட்டும் அல்ல. பின் சீட்டில் குழந்தைகள் தூங்குகிறார்கள். அவர்களுக்காகவாவது, சுமக்கிற வேலையை எஃகு செய்யட்டும். காற்று உதவிக்கு இருக்கட்டும்.