சண்டாளன் என்பது வெறும் வசைச்சொல்லா?

"சண்டாளன் என்றால் கொடியவன், இதில் சாதி எங்கே வந்தது?" என்று இலக்கிய அன்பர் சிலர் வினவுகின்றனர். 'சண்டம்' என்பது கொடுமை. அதனோடு 'ஆள்' சேர்ந்து கொடிய ஆள் என்றாயிற்று என்பது அவர்கள் காட்டும் சொற்பிறப்பு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நூல்கள் வேறு கதை சொல்கின்றன.

இது வடசொல், இதன் ஈற்றில் நிற்பது நம் 'ஆள்' அன்று. யசுர் வேதத்தின் வாசசனேயி சங்கிதையிலேயே இச்சொல் வந்துவிடுகிறது. மனு நூல், சூத்திரத் தந்தைக்கும் பிராமணத் தாய்க்கும் பிறந்தவன் சண்டாளன் என வகுத்து, அவன் ஊருக்கு வெளியே வாழவும் பிணத்தின் ஆடையை உடுத்தவும் விதிக்கிறது. ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த சீனப் பயணி பாகியான், இம்மக்கள் நகருக்குள் நுழைகையில் கட்டையைத் தட்டித் தம் வரவை அறிவிக்க வேண்டியிருந்ததைக் குறித்து வைத்திருக்கிறார். இவர்கள் செய்த குற்றம் என்ன? பிறந்தது ஒன்றே.

பிறப்பின் பெயர் தீய நடத்தையின் பெயரானது எங்ஙனம்? இழிசெயல் புரிந்தோர் நாயாகவோ பன்றியாகவோ சண்டாளராகவோ பிறப்பர் என்கிறது சாந்தோக்கிய உபநிடதம். முடிச்சு இங்கேதான் இருக்கிறது. தீயவன் சண்டாளனாகப் பிறப்பான் என்று நம்பிய சமூகம், சண்டாளன் என்றாலே தீயவன் என்று கொள்வதற்கு நெடுந்தொலைவு போக வேண்டியதில்லை. கொடுமைக்கு ஆளானவன் பெயரே கொடுமை செய்பவனுக்குப் பெயராயிற்று. இதனினும் பெரிய அநீதியை ஒரு சொல்லுக்குள் அடைக்க முடியுமா?

வங்கத்தில் இப்பெயரால் அழைக்கப்பட்ட மக்கள் 1872-73இல் பரீத்பூர்ப் பகுதியில் மேல்சாதியாரிடம் வேலை செய்ய மறுத்துப் போராடினர். 1911 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நாமசூத்திரர் என்னும் பெயரைப் பெற்றனர். வெறும் வசைச்சொல்லாயின் அதை உதற ஒரு சமூகம் தலைமுறைக் கணக்கில் போராடியிருக்குமா?

தமிழ்நாட்டின் பட்டியல் சாதிகள் வரிசையில் இப்பெயர் இன்றும் இருக்கிறது. இதைப் பொதுவெளியில் இகழ்ச்சிக்கும் நகைச்சுவைக்கும் பயன்படுத்தலாகாது என்று 2024இல் தமிழ்நாடு ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் மாநில ஆணையம் அறிவுறுத்தியது.

"எங்கள் பாட்டி ஒப்பாரியில் தன்னையே சண்டாளி என்று அழுவாளே, அவளும் சாதி வெறியளா?" என்பர். இல்லை. அவள் சொல்லின் வரலாறு அறியாள். நாம் அவளைப் பழிக்கவில்லை. பழைய நூல்களில் உள்ள சொல்லை அழிக்கவும் நாம் சொல்லவில்லை. அங்கே அது இருக்கட்டும், சான்றாக. ஆனால் அறிந்த நாமும் அதையே எழுதுவது அறியாமை ஆகாது.

தமிழுக்குச் சொற்பஞ்சம் இல்லை. பொருட்பாலின் இறுதி அதிகாரத்திற்கு வள்ளுவர் இட்ட பெயர் கயமை. கொடுமை உண்டு, வஞ்சகம் உண்டு, இரண்டகம் உண்டு. தீமையை வையத் தீமையின் பெயரே போதும். ஒரு மக்களின் பெயர் எதற்கு?