படம் பார்த்துப் பணம் கட்டலாகாது

உழவு மாடு வாங்கச் சந்தைக்குப் போகும் விவசாயி பல்லைப் பார்க்கிறார், சுழியைப் பார்க்கிறார், நடக்கவிட்டுப் பார்க்கிறார். அதன் பிறகே விலை பேசுகிறார். அதே விவசாயி பழைய மோட்டார் சைக்கிள் வாங்கும்போது, செல்போனில் வந்த விளம்பரப் படத்தை மட்டும் பார்த்து முன்பணம் அனுப்பிவிடுகிறார். இது சரியன்று.

பால் கேன் கொண்டுபோகவும், உர மூட்டை ஏற்றவும், மின்சாரம் வரும் நேரத்தில் மோட்டார் போட ஓடவும் இன்று இருசக்கர வண்டி அவசியம். புது வண்டிக்கு வசதியில்லாத சிறு விவசாயி பழைய வண்டியை நாடுவதில் தவறில்லை. இணைய விளம்பரத்தால் பல ஊர் விலைகளை வீட்டிலிருந்தே ஒப்பிடலாம், தரகும் மிச்சம். ஆனால் விளம்பரம் தகவல் மட்டுமே. வண்டி நிற்கும் இடத்தில்தான் வியாபாரம் நடக்க வேண்டும்.

பாதி விலை என்றாலே சந்தேகம் எழ வேண்டும். ராணுவத்தில் மாற்றலாகிப் போவதாகக் கூறி, வண்டியை லாரியில் அனுப்புவதாகச் சொல்லி முன்பணம் கேட்பது ஏமாற்றுவோரின் பழகிய தந்திரம். அவ்வாறு பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற எண்ணில் புகார் செய்ய வேண்டும்.

நேரில் பார்க்கும்போது, விவரம் தெரிந்த மெக்கானிக் ஒருவரை அழைத்துச் செல்வது நல்லது. இஞ்சின் ஆறியிருக்கும்போது ஸ்டார்ட் செய்ய வேண்டும். தொடர்ந்து நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது என்று பொருள், செலவு காத்திருக்கிறது. வண்டியில் உள்ள இஞ்சின் எண்ணும் சேஸிஸ் எண்ணும் ஆர்.சி.யில் உள்ளவற்றோடு ஒத்திருக்க வேண்டும். ஆர்.சி.யில் கடன் பதிவு இருந்தால், கடன் தந்த நிறுவனத்தின் தடையில்லாச் சான்றும் படிவம் 35-ம் கேட்டுப் பெற வேண்டும். பதிவு 15 ஆண்டுகளுக்கே செல்லும். அதன்பின் புதுப்பிக்கும் செலவையும் விலையில் கணக்கிட வேண்டும்.

எல்லாவற்றிலும் முக்கியமானது பெயர் மாற்றம். கையெழுத்திட்ட படிவங்களை வாங்கிப் பெட்டியில் வைத்துக்கொண்டு வண்டி ஓட்டும் வழக்கம் கிராமங்களில் உண்டு. இது வாங்கியவருக்கும் ஆபத்து, விற்றவருக்கும் ஆபத்து. வண்டி கைமாறியிருந்தாலும், பதிவில் பெயர் உள்ளவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது. எனவே பழைய வண்டியை விற்கும் விவசாயியும் இதில் கவனமாக இருக்க வேண்டும். மோட்டார் வாகனச் சட்டப்படி, மாநிலத்துக்குள் விற்றவர் 14 நாட்களுக்குள்ளும் வாங்கியவர் 30 நாட்களுக்குள்ளும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். படிவங்கள் 29-ம் 30-ம் இதற்கானவை. காப்பீட்டையும் வாங்கியவர் தம் பெயருக்கு மாற்றிக்கொள்ள வேண்டும்.

ஒரு போக நெல் விற்ற பணம் ஒரு நிமிடத்தில் கைமாறிவிடும். மாடு வாங்கும்போது காட்டும் நிதானத்தை வண்டி வாங்கும்போதும் காட்டினால் அந்தப் பணம் வீணாகாது.