குதிர் காலி, கையில் காசு

“பணப்பயிர் விளைவிப்பவன் பட்டினி கிடப்பானா? கையில் காசிருந்தால் கடையில் அரிசிக்கா பஞ்சம்?” என்று வினவுவோர் உளர். அன்னார் மேற்கு ஆப்பிரிக்காவின் ஸெனகல் நாட்டைச் சற்றே நோக்குவாராக.

முஸ்லிம்கள் பெரும்பான்மையினராக வாழும் அந்நாட்டின் குடியானவனுக்குக் கம்பே உணவு. 1840களில் அங்கிருந்து நிலக்கடலை பிரான்சுக்குக் கப்பலேறத் தொடங்கியது. 1885இல் டக்காருக்கும் செயின்ட் லூயிக்கும் இடையே புகைவண்டி ஓடிற்று. கடலைக் கொல்லைகளும் பரந்தன. பிரெஞ்சு ஆட்சிக்கு வரியைக் காசாகக் கட்ட வேண்டும். அக்காசைத் தருவது கடலை. எனவே கம்புக்குரிய நிலமும் உழைப்பும் கடலைக்குப் போயின. உணவுக் குறைவை நிரப்ப இந்தோசீனாவின் நொய்யரிசி வந்திறங்கியது.

கடலை விற்ற காசு சில திங்களில் கரைந்துவிடும். உழவு வேலை மிகுந்த மழைக்காலத்திலோ குதிரில் தானியம் இராது. வணிகனிடம் கடன் பட்டு உண்பான். அடுத்த விளைச்சலைக் கொண்டு அடைப்பான். விற்கும் கடலையின் விலையும் அவன் கையில் இல்லை. வாங்கும் அரிசியின் விலையும் அவன் கையில் இல்லை. 1930களில் கடலை விலை வீழ்ந்தது, அவன் நொந்தான். 1960இல் நாடு விடுதலை பெற்றும் இந்நிலை முற்றும் மாறவில்லை. 2008இல் அரிசி விலை ஏறியது. டக்கார் வீதிகளில் மக்கள் திரண்டனர்.

பழி முழுவதையும் வெள்ளையர் தலையில் சுமத்திவிட்டு நாம் ஒதுங்குவதற்கில்லை. ஷைகு அஹ்மது பம்பா தோற்றுவித்த தரீக்காவின் முரீதுகள், ஷைகுமார்களின் கொல்லைகளில் கடலை பயிரிட்டனர். உழைப்பை வணக்கத்தோடு இணைத்துக் கற்பித்த சிறப்பு அத்தரீக்காவுக்கு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் 1895இல் அந்த ஷைகை நாடு கடத்திய அதே ஆட்சி, பின்னர் அவர்தம் வழியினரின் துணையோடு கடலையைப் பெருக்கியதும் வரலாறே. ஓதிக்கொடுப்பதையே தொழிலாகக் கொண்ட நமக்கு இது கசக்கிறது. கசந்தாலும் சொல்லுவோம்: முரீதின் உழைப்பைப் பெறுபவர், அவன் வீட்டுக் குதிரில் கம்பு இருக்கிறதா என்றும் கேட்கக் கடமைப்பட்டவர்.

கடலை தீது என்பதன்று நம் வாதம். கம்பும் கடலையும் மாறி மாறி விளைந்தால் மண்ணுக்கும் நலம், மனிதனுக்கும் நலம். முதலில் குதிர், பிறகு சந்தை. இம்முறை பிறழ்ந்ததே கேடு.

மிஸ்ரு நாட்டில் செழிப்பான ஏழாண்டுகளில் யூஸுஃப் நபி (அலை) அவர்கள் சேமிக்கச் சொன்னது பொற்காசையன்று; கதிரோடு கூடிய தானியத்தை.