திரைவேகத்தின் விலையை யார் செலுத்தியது?

எளிய இயங்குதளங்களில் திரைவேகமும் பெயர்வுத்தன்மையும் ஒருங்கே அமையா, ஒன்றை இழந்தால்தான் மற்றொன்று கிட்டும் என்பது கணினி வரலாறு பேசுவோரிடையே ஐயத்துக்கு அப்பாற்பட்ட உண்மைபோல் உலவுகிறது. எம்.எஸ்.-டாஸ் காலமே இதற்குச் சான்றாகக் காட்டப்படுகிறது. அச்சான்றைச் சற்று நெருங்கிப் பார்த்தால் கூற்று நிலைப்பதில்லை.

1981இல் வெளிவந்த ஐபிஎம் பீசியில் திரைக்கு எழுத மூன்று வழிகள் இருந்தன: டாஸிடம் ஒப்படைப்பது, பயாஸை அழைப்பது, இரண்டையும் தாண்டித் திரை நினைவகத்திலேயே எழுதிவிடுவது. முதல் வழியில் எழுதிய நிரல் டாஸ் இயங்கும் எந்த இயந்திரத்திலும் இயங்கும். ஆனால் அவ்வழி தொலைத்தட்டச்சுப் பொறிக்கென வகுத்தது போன்றது. எழுத்துகள் ஒன்றன்பின் ஒன்றாகச் செல்லும், இன்ன இடத்தில் இன்ன நிறத்தில் என்று கூற வகையில்லை. 1983இல் டாஸ் 2.0 உடன் வந்த ஆன்சி இயக்கி அதற்கு வழிசெய்தது. ஆயினும் பயனர் தாமே அதை நிறுவியிருந்தால்தான் பயன். வேகமோ அதனிலும் குறைவு. பயாஸில் கர்சரை நகர்த்த ஓர் அழைப்பு, எழுத்தை நிறத்தோடு இட மற்றோர் அழைப்பு. 80 நெடுவரிசையும் 25 வரியும் கொண்ட திரையில் 2000 எழுத்துகள். வேறுவேறான எழுத்துகளால் அதை நிரப்ப ஏறத்தாழ 4000 அழைப்புகள். நேரடியாக எழுதினாலோ 4000 பைட்டுகளை நகர்த்தினால் முடிந்தது.

1983இல் வந்த லோட்டஸ் 1-2-3 அவ்வாறே செய்தது. டெக் ரெயின்போ போன்ற, டாஸ் உண்டு ஆனால் ஐபிஎம் வன்பொருள் அமைப்பு இல்லாத இயந்திரங்களில் அந்தப் பதிப்பு இயங்கவில்லை. ஐபிஎம்மை வன்பொருள் அளவில் பின்பற்றிய காம்பேக் பிழைத்தது.

இதற்கு நிரலாளரின் பொறுமையின்மையைக் குறைகூறுவது எளிது, நியாயமன்று. நேரடியாக எழுதியவர்களும் சும்மா இருந்துவிடவில்லை. ஒற்றைநிற அட்டைக்கும் வண்ண அட்டைக்கும் நினைவக முகவரியே வேறு. வண்ண அட்டையில் நேரம் பார்க்காமல் எழுதினால் திரையில் பனி தூவியதுபோல் புள்ளிகள் தெறிக்கும். இவற்றையெல்லாம் ஒவ்வொரு நிரலும் தனித்தனியே சமாளித்தது. இயங்குதளம் ஒருமுறை செய்யவேண்டிய வேலையை நூறு நிறுவனங்கள் நூறு முறை செய்தன என்பதே இதன் பொருள். மெதுவாக இருந்தது இடைமுகம். பழி பெயர்வுத்தன்மையின் தலையில் விழுந்தது.

மாற்று வழி எவருக்கும் தெரியாததும் அன்று. பெர்க்லியில் உருவான கர்சஸ் நூலகம் பழைய திரையையும் புதிய திரையையும் ஒப்பிட்டு, மாறிய இடங்களை மட்டுமே முனையத்துக்கு அனுப்பியது. வெவ்வேறு முனையங்களில் இயங்கவும் செய்தது. ஐபிஎம்மே 1985இல் டாப்வியூவில் இன்னும் எளிய தீர்வைத் தந்தது. நிரல் முதலில் திரை நினைவகத்தின் முகவரியைக் கேட்கும். கிடைத்த முகவரியில் நேரடியாக எழுதும். பிறகு எழுதியதை அறிவிக்கும். இரண்டே அழைப்புகள்! நான்காண்டு முன்னரே இது வந்திருந்தால் இவ்விவாதமே எழுந்திராது.

மொழியியலாளர் கவனிக்கவேண்டிய இடம் இதற்கு அப்பால் உள்ளது. நேரடி எழுத்து 'ஒரு பைட்டு, ஒரு கட்டம், ஒரு வடிவம்' என்ற எடுகோளை ஒவ்வொரு நிரலுக்குள்ளும் புதைத்தது. 'கொ' அக்கட்டத்தில் அடங்காது. உயிர்க்குறி மெய்யின் இருபுறமும் நிற்கிறது. டாஸையோ பயாஸையோ இடைமறித்து எழுத்தைத் திருத்தலாமென்றால், நிரல்கள் அவ்வழியே வருவதே இல்லை. ஆகவே இந்தியாவில் அத்தீர்வு வன்பொருளில் தேடப்பட்டது: சி-டாக்கின் ஜிஸ்ட் அட்டை. ஜப்பானில் 1990இல் ஐபிஎம் வெளியிட்ட டாஸ்/வி, டாப்வியூவின் அதே இரு அழைப்புகளைக் கையாண்டு, காஞ்சி எழுத்துகளைத் தனி வன்பொருளின்றிச் சாதாரண விஜிஏ திரையில் காட்டியது. இங்கே அட்டை வாங்க வேண்டியிருந்தது. அதன் விலையை லோட்டஸும் செலுத்தவில்லை, மைக்ரோசாஃப்டும் செலுத்தவில்லை. இந்திய மொழியில் ஒரு பட்டியல் தட்டச்சு செய்ய விரும்பியவர்கள் செலுத்தினார்கள்.