மடியில் கனமில்லாதவனுக்கும் பயம் உண்டு

ஒருவர்மேல் வழக்கு விழுந்துவிட்டால், திருகோணமலை உப்புவெளியில் அந்த வீட்டுக்குப் போகிறவர்கள் தேத்தண்ணீர் குடித்து முடிப்பதற்குள் இதைச் சொல்லிவிடுவார்கள்: "மடியில கனமில்லாதவனுக்கு வழியில என்ன பயம்? நீ பிழை செய்யேல்லத்தானே, பிறகேன் யோசிக்கிறாய்?" நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். ஆனால் கேட்பவருக்கு அது இரண்டாவது தண்டனை. வழக்கின் பாரம் போதாதென்று, பயப்படுவதே குற்றத்துக்கு அடையாளமோ என்ற கூச்சமும் சேர்ந்துகொள்கிறது. நித்திரை வராததையும் சோறு இறங்காததையும் அவர் வீட்டாருக்கே மறைக்கத் தொடங்குகிறார். இந்தப் பேச்சு ஏன் பிழை என்பதை விளக்கமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

குற்றமற்றவருக்குப் பயம் வராது என்பதை முதலில் பார்ப்போம். நீங்கள் என்ன செய்தீர்கள் என்பது உங்களுக்குத் தெரியும். வழக்கோ, மற்றவர்கள் என்ன எழுதினார்கள், என்ன சொன்னார்கள் என்பதில் நடக்கிறது. 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் 16ஆம் பிரிவு, உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத அதிகாரிமுன் கொடுத்த வாக்குமூலத்தைச் சாட்சியமாக ஏற்கிறது. அது வற்புறுத்தி எடுக்கப்பட்டது என்று காட்டும் பொறுப்பு குற்றஞ்சாட்டப்பட்டவர் தலையில். 1993இல் கைதான நல்லரத்தினம் சிங்கராசாவுக்குத் தமிழ் மட்டுமே தெரியும். அவருடைய வாக்குமூலம் சிங்களத்தில் இருந்தது. அதில் அவர் பெருவிரல் அடையாளம் வைத்தார். அந்த ஒரு தாளை வைத்து 1995இல் 50 ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்தார்கள். மேன்முறையீட்டில் அது 35 ஆனது. நியாயமான விசாரணைக்கான அவரது உரிமை மீறப்பட்டது என்று ஐ.நா. மனித உரிமைக் குழு 2004இல் சொன்னது. மடியில் கனமில்லாதவனுக்குப் பயமில்லை என்று அவரிடம் யார் போய்ச் சொல்வது?

கவிஞர் அஹ்னாப் ஜஸீமை 2020 மே மாதம் கைது செய்தார்கள். அவர் தமிழில் எழுதிய 'நவரசம்' கவிதைத் தொகுப்பு தீவிரவாதத்தைத் தூண்டுகிறது என்பது குற்றச்சாட்டு. 2021 டிசம்பரில் பிணை. 2023 டிசம்பரில் புத்தளம் மேல் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. அந்த மூன்றரை ஆண்டுகளில் அவருக்கும் அவர் வீட்டாருக்கும் வந்த பயத்தை எந்தக் கணக்கில் வைப்பது?

நம் மாவட்டத்தையே பாருங்கள். 2024 மே மாதம், போரில் இறந்தோர் நினைவாக முள்ளிவாய்க்கால் கஞ்சி காய்ச்சிக் கொடுத்ததற்காகச் சம்பூர்ப் பொலிசார் நால்வரைக் கைது செய்தார்கள். அதில் மூவர் பெண்கள். கஞ்சிப் பானைக்கே விளக்கமறியல் என்றால், எது வழக்காகும், எது ஆகாது என்று யாரால் முன்கூட்டிச் சொல்ல முடியும்? 2006 ஜனவரி 2ஆம் திகதி திருகோணமலைக் கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்ட வழக்கில், சாட்சிகள் அச்சத்தில் நாட்டைவிட்டே போனார்கள். போதிய சாட்சியம் இல்லையென்று 2019 ஜூலையில், குற்றஞ்சாட்டப்பட்ட 13 பேரும் விடுவிக்கப்பட்டார்கள். உண்மை சொல்ல வந்தவர்களுக்கே பயம் இருந்த ஊர் இது. எதிரிக் கூண்டில் நிற்பவருக்கு மட்டும் பயம் வரக்கூடாதா?

அடுத்தது, "உண்மையாய் நடந்தவன் நடுங்கமாட்டான்" என்ற பேச்சு. நீதிமன்றத்தில் கை நடுங்கினால், குரல் தடுமாறினால், பின்வாங்கில் இருக்கிற ஊரார் அப்போதே தீர்ப்பெழுதிவிடுகிறார்கள். ஒருவரின் முகத்தையும் பேச்சையும் கொண்டு பொய்யைக் கண்டுபிடிக்க மனிதரால் எவ்வளவு முடிகிறது என்று நடந்த ஆய்வுகளைச் சார்ள்ஸ் பொண்ட், பெல்லா டிபோலோ ஆகிய இரு உளவியலாளர்கள் 2006இல் ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். நூற்றுக்கு 54 தடவைதான் சரியாக வந்தது. காசு சுண்டிப் போட்டாலே 50 வருமே.

மடியில் கனம் என்ற அந்தப் பழமொழி செய்கிற மிகப் பெரிய கேடு வேறு. அது குற்றமற்றவரை அசட்டையாக்குகிறது. அமெரிக்க உளவியலாளர் சோல் கசின் 2004இல் ஒரு பரிசோதனை செய்தார். களவெடுத்ததாக நடிக்கச் சொன்னவர்களையும் எதையும் தொடாதவர்களையும் ஒரே மாதிரி விசாரணைக்கு உட்படுத்தினார். மௌனமாக இருக்கும் உரிமையையும் சட்டத்தரணி வைத்துக்கொள்ளும் உரிமையையும் குற்றம் செய்தவர்களில் நூற்றுக்கு 36 பேர் விட்டுக்கொடுத்தார்கள். செய்யாதவர்களில் 81 பேர். "நான்தான் ஒன்றும் செய்யவில்லையே" என்பதே அவர்கள் சொன்ன காரணம். இந்தியாவில் ராஜீவ் காந்தி கொலை வழக்கில் சிக்கிய பேரறிவாளனுக்கும் இதுதான் நடந்தது. 1991 ஜூன் 11ஆம் திகதி அவரைப் பெற்றோரே அதிகாரிகளிடம் ஒப்படைத்தார்கள். அடுத்த நாள் அனுப்பிவிடுவோம் என்று அதிகாரிகள் சொன்னார்கள். அப்போது அவருக்கு வயது 19. இந்திய உச்ச நீதிமன்றம் அவரை விடுவித்தது 2022 மே 18ஆம் திகதி. அவருடைய வாக்குமூலத்தை அவர் சொன்னபடி முழுமையாக எழுதவில்லை என்று, அதைப் பதிவுசெய்த அதிகாரி தியாகராஜன் 2013இல் வாய்திறந்தார். ஆகவே பயம் வருகிறதென்றால் அது சொல்வதைக் கேளுங்கள். சட்டத்தரணியோடு பேசாமல் வாக்குமூலம் கொடுக்க வேண்டாம், வாசிக்கத் தெரியாத மொழியில் கையெழுத்து வைக்க வேண்டாம் என்றுதான் அது சொல்கிறது. கையில் காசில்லாதவர்களுக்காகவே சட்ட உதவி ஆணைக்குழு 1978 முதல் இருக்கிறது.

"பிணை கிடைச்சிட்டுதே, இனி என்ன?" என்கிறார்கள். பிணைக்குப் பிறகுதான் நீண்ட பாடு. சுருக்குவலை வழக்கோ, காணி எல்லை அடிதடியோ, உப்புவெளிக்காரருக்கு வரும் சாதாரண வழக்குகளே தவணைமேல் தவணையாக ஆண்டுக்கணக்கில் போகின்றன. எங்கள் ஒழுங்கையில் ஒரு தொழிலாளிக்கு வழக்கு நடந்தது. தவணைக்கு முதல்நாள் பின்னேரமே மனைவி அவருடைய வெள்ளைச் சேட்டை அயன் பண்ணி, சுவரில் ஆணியில் கொளுவிவிடுவார். அந்தச் சேட்டு தொங்கத் தொடங்கியதும் பிள்ளைகள் சத்தம் போட்டு விளையாடமாட்டார்கள். கடல் நல்லாய் இருந்தாலும் அன்றிரவு அவர் தொழிலுக்குப் போவதில்லை. விடிய வெளிக்கிட்டு, நீதிமன்ற வாசலில் மத்தியானம் வரை நின்று, பெயர் கூப்பிட்டதும் உள்ளே போய், இரண்டு நிமிடத்தில் அடுத்த திகதியோடு வெளியே வருவார். அந்த இரண்டு நிமிடத்துக்காக ஒரு கிழமை நித்திரை போய்விடும். பிறகு ரோட்டில் மோட்டார்சைக்கிள் நின்றாலே திடுக்கிடுவார்.

இப்படி இருக்கிறவருக்கு "தைரியமாய் இரு" என்று சொல்லி ஒரு பயனும் இல்லை. அவருக்கு உதவியது சின்ன ஏற்பாடு. ஒரு சீஆர் கொப்பியில் திகதி, அன்று நடந்தது, சட்டத்தரணியிடம் கேட்க வேண்டியது என்று மனைவி எழுதினார். வழக்குப் பேச்சு அந்தக் கொப்பியோடு பின்னேரம் ஒரு நேரம் மட்டும் என்று வீட்டில் வைத்துக்கொண்டார்கள். தவணைக்கு மறுநாள் கட்டாயம் தொழிலுக்குப் போக வேண்டும் என்பதும் அவர்களே வைத்த ஒழுங்கு. பயம் போகவில்லை, ஆனால் நாள் முழுவதையும் அது தின்னவில்லை. பேரறிவாளனும் சிறைக்குள் இருந்தபடியே பிளஸ் டூ பரீட்சை எழுதி 2012இல் நூற்றுக்கு 91க்கு மேல் எடுத்தார். தீர்ப்பு நம் கையில் இல்லாத காலத்தில், நம் கையில் இருக்கிற ஏதாவது ஒன்று வேண்டியிருக்கிறது.

"ஆருக்கும் மூச்சு விடாதே" என்ற புத்திமதியில் பாதி சரி. வழக்கின் விவரங்களைத் தேநீர்க் கடையிலும் வாட்ஸப்பிலும் பேசக்கூடாது. எதிர்த்தரப்புக்கு அது போய்ச் சேரும். ஆனால் "எனக்கு நித்திரை வருகுதில்லை, பயமாய் இருக்கு" என்பது வழக்கின் விவரம் இல்லை. அதைச் சொல்ல ஒரு அக்காவாவது ஒரு சினேகிதனாவது வேண்டும். கேட்கிறவர் "நீ செய்தியா?" என்று விசாரிக்காமல், அடுத்த தவணைக்குக் கூட வந்தால் போதும்.

"ஒத்துக்கொண்டு தண்டத்தைக் கட்டி முடிச்சிடு, நிம்மதி" என்பது களைத்துப்போன மனத்துக்கு இனிக்கும். செய்யாததை ஒத்துக்கொண்டால் அது பதிவில் நிற்கும். வெளிநாட்டு விசாவுக்கும் அரச வேலைக்கும் போகும்போது எழுந்து வரும். சட்டத்தரணி சட்டக் காரணத்தோடு சொன்னால் யோசிக்கலாம். நித்திரை இல்லாத ஒரு கிழமையின் முடிவில் மட்டும் அந்தத் தீர்மானத்தை எடுக்கக்கூடாது.

கடைசியாக, "மனநல டொக்டரிட்ட போனால் விசரன் எண்டு எழுதிப்போடுவாங்கள், வழக்குக்கும் கெடுதல்" என்ற பயமுறுத்தல். நித்திரைக்கும் பதற்றத்துக்கும் மருந்து எடுப்பது குற்றத்தை ஒத்துக்கொள்வது ஆகாது. அரசியலமைப்பின் 13(5) உறுப்புரை, குற்றம் நிரூபிக்கப்படும் வரை ஒவ்வொருவரும் சுத்தவாளி என்று சொல்கிறது. சுகமாக இருக்கிற சுத்தவாளி, சுகமில்லாத சுத்தவாளி என்று அது பிரிக்கவில்லை. உயிரை விடலாமா என்ற நினைப்பு வந்தால் அடுத்த கிளினிக் நாளுக்குக் காத்திருக்க வேண்டாம். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு எந்த நேரமும் இலவசமாக எடுக்கலாம். இலங்கையில் தற்கொலைக்கு முயல்வது 1998க்குப் பிறகு குற்றமில்லை. அதைச் சொல்லி உதவி கேட்பதால் இன்னொரு வழக்கு வராது.