தீர்த்தக் கரையில் ஒரு பலகை வேண்டும்

ஆடி அமாவாசை, தை அமாவாசை என்றால் ராமேஸ்வரம் அக்னி தீர்த்தக் கரையில் கால் வைக்க இடம் இருக்காது. காசியிலிருந்து வந்தவரும் கமுதியிலிருந்து வந்தவரும் ஒரே நீரில் முங்கி எழுகிறார்கள். முன்னோருக்கு எள்ளும் தண்ணீரும் இறைத்துவிட்டு, கோயிலுக்குள் இருக்கும் 22 தீர்த்தங்களை நோக்கி ஈரத் துணியோடு நடக்கிறார்கள். கடல்நீரை உள்ளங்கையில் அள்ளி வாயில் விட்டுக்கொள்கிறவர்களும் உண்டு. நம்பி வருகிற இத்தனை பேருக்கும் அந்த நீர் இன்று எந்த நிலையில் இருக்கிறது என்று சொல்லும் கடமை அரசுக்கு இருக்கிறது.

ராமேஸ்வரத்துக்காரர்கள் வடபக்கத்துப் பாக் நீரிணையைப் பெண் கடல் என்பார்கள். தென்பக்கத்து மன்னார் வளைகுடாவை ஆண் கடல் என்பார்கள். பெண் கடல் ஆழம் குறைந்தது, அலை அடங்கியது. குளிப்பவர்களுக்கு அதுதான் வசதி. கரைக்கு அதுவே ஆபத்தும்கூட. சாக்கடை வழியாக வந்து சேர்வதை இழுத்துக்கொண்டு போக இங்கே பேரலை கிடையாது. விடுதிகளும் வீடுகளும் பெருகிய ஊரின் கழிவுநீர் தீர்த்தத்தில் கலக்கிறது என்ற புகார் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை வரை போயிருக்கிறது.

தீவைத் தாண்டி நிலப்பக்கம் வந்தால் வைகை. வருசநாட்டு மலையில் பிறந்து, தேனி, மதுரை, சிவகங்கை மாவட்டங்களைக் கடந்து, ஏறத்தாழ 258 கிலோமீட்டர் ஓடிவரும் ஆறு அது. வைகை கடலில் கலப்பதில்லை என்று பொதுவாகச் சொல்வார்கள். ஆனால் ராமநாதபுரம் பெரிய கண்மாயில் சேர்ந்ததுபோக மிஞ்சியது அழகன்குளத்தை ஒட்டிய ஆற்றங்கரை என்னும் ஊரில் பாக் நீரிணையைத் தொடுகிறது. ரோமாபுரியின் மட்பாண்டங்கள் அகழாய்வில் கிடைத்த பழந்துறைமுகம் அழகன்குளம். இன்று ஆண்டில் பெரும்பகுதி அந்த முகத்துவாரத்தில் ஆற்றுநீரே வராது. கடல்தான் உள்ளே ஏறி நிற்கும். ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்து வெள்ளம் இறங்கும்போது, வழிநெடுகத் தேங்கிக் கிடந்த அழுக்கெல்லாம் முதல் வெள்ளத்தோடு சேர்ந்து வரும். மதுரை மாநகரின் கழிவுநீர் வைகையில் விழுவது ஊரறிந்த சங்கதி. மேலே ஒரு நகரம் கைகழுவியது கீழே இன்னொரு மாவட்டத்தின் மீன்குஞ்சுகள் வளரும் இடத்தில் வந்து தங்குகிறது.

இதைக் கண்காணிப்பது எளிதல்ல. நல்ல தண்ணீர் ஓடும் ஆற்றில் எங்கே மொண்டாலும் ஓரளவு ஒரே கதைதான் கிடைக்கும். முகத்துவாரத்தில் அப்படியில்லை. கனமான உப்புநீர் அடியில் படிந்திருக்க, மேலே நன்னீர் மிதக்கும். கடல் ஏறும்போது எடுத்த நீர் சுத்தமாகத் தெரியும். வற்றும்போது எடுத்தால் ஊரின் அழுக்கு முழுக்க அதில் இருக்கும். பகலில் பாசியும் கடற்புல்லும் வெயிலில் ஆக்சிஜனை வெளிவிடும். இரவெல்லாம் அவையும் சேர்ந்து மூச்சிழுப்பதால் விடிவதற்குச் சற்று முன்னால்தான் ஆக்சிஜன் அடிமட்டத்துக்கு இறங்கும். மாதத்துக்கு ஒருமுறை, முற்பகல் பதினொரு மணிக்கு ஜீப்பில் வந்து ஒரு புட்டி நீர் எடுத்துப் போனால் கிடைப்பது நல்ல சேதியாகத்தான் இருக்கும். அது உண்மையாகவும் இருக்க வேண்டும் என்றால் நேரம், ஓதம், ஆழம் மூன்றையும் பார்த்து எடுக்க வேண்டும். முதல் வெள்ளம் வரும் நாளில் கட்டாயம் எடுக்க வேண்டும்.

ஆக்சிஜனைப் பரிசோதிக்கும் பழைய முறையை ஒருமுறை அருகில் நின்று பார்த்தால் போதும், பள்ளிப் பிள்ளைக்கும் விஷயம் விளங்கிவிடும். 300 மில்லி பிடிக்கும் கண்ணாடிப் புட்டியைக் காற்றுக்குமிழி ஒன்றுகூட இல்லாமல் நிரப்பி, இரண்டு ரசாயனக் கரைசல்களை அடுத்தடுத்து விட்டு, மூடிபோட்டுக் குலுக்குவார்கள். நீரில் ஆக்சிஜன் இருந்தால் பழுப்பு நிறத்தில் வண்டல் திரளும். வெள்ளையாகவே நின்றுவிட்டால், அந்த நீரில் மீன் மூச்சுவிட வழியில்லை. வெதுவெதுப்பான உப்புநீருக்கு ஆக்சிஜனைப் பிடித்துவைக்கும் சக்தியே குறைவு. 30 டிகிரி வெப்பத்தில் நன்னீர் லிட்டருக்குச் சுமார் ஏழரை மில்லிகிராம் தாங்கும். கடல்நீர் ஆறேகால்தான் தாங்கும். கையிருப்பே இவ்வளவுதான் என்னும்போது கழிவுக்குக் கொடுக்க மிச்சம் ஏது?

கையிருப்பு தீர்ந்தால் என்ன ஆகும் என்பதை 2019 செப்டம்பர், அக்டோபரில் இந்தக் கரை கண்டது. மண்டபம், பாம்பன் பக்கம் தென்கடல் பச்சையாகத் திரண்டது. மீனவர்கள் பூங்கோரை என்று சொல்லும் நுண்ணுயிர் பெருகி, கடலின் ஆக்சிஜனைத் தீர்த்துவிட்டது. அறிவியல் அதற்கு நாக்டிலுகா என்று பெயர் வைத்திருக்கிறது. செத்த மீன்கள் கரையில் ஒதுங்கின. நீருக்கடியில் பவளப்பாறைகளும் மடிந்தன. ஆக்சிஜன் லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்கும் கீழே போயிருந்ததை, தூத்துக்குடி சுகந்தி தேவதாசன் கடல்சார் ஆராய்ச்சி நிறுவனத்தின் விஞ்ஞானிகள் பங்கேற்ற ஆய்வு 2020-ல் பதிவு செய்தது. 2008 அக்டோபரிலும் இதே வளைகுடாவில் பூங்கோரை படர்ந்து பவளங்கள் மடிந்திருக்கின்றன. 1986-ல் 21 தீவுகளைச் சேர்த்துக் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவித்து நாம் காக்கும் கடல் இது.

பூங்கோரைக்கு ஊர்ச் சாக்கடைதான் முழுக் காரணம் என்று சொல்லிவிட முடியாது. காற்றும் நீரோட்டமும் பருவமும் அதில் சேர்ந்திருக்கின்றன. எதற்கு எவ்வளவு பங்கு என்று பிரித்துச் சொல்ல, சம்பவத்துக்கு முந்தைய வாரமும் முந்தைய மாதமும் நீர் எப்படி இருந்தது என்ற கணக்கு தேவை. விபத்து நடந்த பிறகு எடுக்கும் புட்டி, விபத்து நடந்ததை மட்டுமே சொல்லும். தொடர்ந்து எடுத்த புட்டிகள்தான் காரணத்தைச் சொல்லும்.

இதற்கு ஆளும் அறிவும் இல்லாத மாவட்டமா ராமநாதபுரம்? நாட்டின் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் 1949 முதல் 1971 வரை மண்டபத்தைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்கியது. இன்றும் அதன் மண்டல மையம் அங்கே இருக்கிறது. கடற்பாசி ஆராய்ச்சிக்கென மத்திய அரசு நிலையம் மண்டபம் கேம்ப்பில் இருக்கிறது. அழகப்பா பல்கலைக்கழகத்தின் கடலியல் துறை தொண்டியில் இருக்கிறது. இந்தியக் கடலோர நீரைக் கண்காணிக்கும் மத்திய அரசின் திட்டம் 1990-களின் தொடக்கத்திலேயே ஆரம்பித்துவிட்டது. குளிக்கும் கடல்நீருக்கு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வரம்பும் வகுத்திருக்கிறது: லிட்டருக்கு ஆக்சிஜன் 4 மில்லிகிராமுக்குக் குறையக் கூடாது, கழிவைச் சிதைக்கத் தேவைப்படும் ஆக்சிஜனின் அளவான பி.ஓ.டி. 3 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது; 100 மில்லி நீரில் மலக்கழிவுக் கிருமிகள் 100-க்கு மேல் இருக்கக் கூடாது. சட்டம் இருக்கிறது, ஆய்வுக்கூடம் இருக்கிறது, வரம்பும் இருக்கிறது. இவை தரும் விடை அந்த நீரில் இறங்குகிறவரின் கண்ணில் பட வேண்டும்.

லண்டன் தேம்ஸ் நதியின் கழிமுகப் பகுதியை உயிரற்றது என்று 1957-ல் அறிவித்தார்கள். கழிவுநீர் நிலையங்களைச் சீரமைத்தார்கள். 1974-ல் சால்மன் மீன் திரும்பி வந்தது. நதிநெடுகத் தானியங்கிக் கருவிகளை வைத்து, மழைநாளில் ஆக்சிஜன் இறங்கும் இடத்துக்கு ஆக்சிஜன் செலுத்தும் படகையே அனுப்பும் ஏற்பாடும் செய்தார்கள். அளவைப் பார்த்தவுடன் வேலை நடந்தது என்பதுதான் அங்கே பாடம். நம் கூவத்தில் பி.ஓ.டி. லிட்டருக்கு 345 மில்லிகிராம் என்று மத்திய வாரியத்தின் 2022 அறிக்கை சொன்னது. அந்த எண் வந்தபோது கூவத்தில் காப்பாற்ற மிச்சமிருந்தது மிகக் குறைவு. ராமநாதபுரம் கரைக்கு இன்னும் காலம் இருக்கிறது.

சென்னையை அடுத்த கோவளம் கடற்கரை 2021-ல் நீலக்கொடிச் சான்று பெற்றது. நீரின் தரத்தைக் கரையிலேயே பலகையில் எழுதிவைக்க வேண்டும் என்பது அந்தச் சான்றின் நிபந்தனை. ராமநாதபுரத்துக்கும் மண்டபத்துக்கும் நடுவில் இருக்கும் அரியமான் கடற்கரையையும் அந்தத் தரத்துக்கு உயர்த்தத் தமிழக அரசு திட்டமிட்டிருக்கிறது. வரவேற்கிறோம். சுற்றுலா வருகிறவருக்குக் கிடைக்கும் அந்த உரிமை, திதி கொடுக்க வருகிறவருக்கும், முகத்துவாரத்தில் இடுப்பளவு நீரில் வலை வீசுகிறவருக்கும், பாம்பன் சின்னப்பாலத்தில் கடலில் முங்கிப் பாசி எடுக்கும் பெண்களுக்கும் கிடைக்க வேண்டும். நாளெல்லாம் அந்த நீரில் ஊறுகிறவர்கள் இவர்கள்தான்.

ஆகவே தமிழக அரசையும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தையும் கேட்டுக்கொள்கிறோம். அக்னி தீர்த்தம், பாம்பன், மண்டபம், கீழக்கரை, ஆற்றங்கரை முகத்துவாரம் ஆகிய இடங்களில் வாரந்தோறும் நீரைச் சோதியுங்கள். வற்றத்திலும் விடியலிலும் எடுங்கள். அமாவாசைக்கு முன்னும் பின்னும் எடுங்கள். மாவட்டத்துக் கல்லூரி மாணவர்களையும் மீனவ இளைஞர்களையும் இதற்குப் பழக்குங்கள். முடிவை அந்த வாரமே, அந்தக் கரையிலேயே, வரம்பு இவ்வளவு, இருப்பது இவ்வளவு என்று தமிழிலும் யாத்திரிகர்களின் மொழிகளிலும் எழுதி வையுங்கள். வரம்பு மீறினால் எந்தச் சாக்கடை என்று கண்டுபிடித்து, அடைத்த தேதியையும் அதன் கீழேயே எழுதுங்கள்.

ராமேஸ்வரம் போகும் வாசகர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பழைய துணியைக் கடலில் விட்டுவிட்டு வராதீர்கள். கரையில் இறங்குமுன், இந்த வாரம் தண்ணீர் எப்படி இருக்கிறது என்று அங்கிருக்கும் அதிகாரியிடம் கேளுங்கள். ஒருவர் கேட்டால் நகர்ந்து போய்விடுவார்கள். ஆயிரம் பேர் கேட்டால் பலகை வைத்தே ஆக வேண்டும்.