சந்தை நடத்துபவருக்குப் பொறுப்பில்லையா?

மாமல்லபுரத்தில் சங்கு, சிப்பிக் கடைகளை நாம் யாவரும் பார்த்திருக்கிறோம். சில வகைச் சங்குகளை விற்பது 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமாகும். அத்தகைய சங்கு ஒரு கடையில் விற்கப்பட்டால், கண்ணெதிரே இருக்கும் கடைக்காரரைக் கேட்கலாம். இணையதளத்தில் விற்கப்பட்டால் யாரைக் கேட்பது? விற்பவரின் முகம் நமக்குத் தெரியாது. தளத்தை நடத்துபவரோ, "நான் இடம் மட்டுமே கொடுத்தேன்" என்கிறார். இது முறையாகுமா?

இக்கேள்வி நம் நாட்டில் 2004ஆம் ஆண்டிலேயே எழுந்தது. பாஸி.காம் என்னும் தளத்தில் ஒரு மாணவர் ஆபாசப் படமொன்றை விற்பனைக்கு வைத்ததால், தளத்தின் தலைமை அதிகாரி கைதானார். நிறுவனத்தைக் குற்றவாளியாகச் சேர்க்காமல் அதிகாரி மீது மட்டும் வழக்கு நடத்த இயலாது என்று 2012இல் உச்ச நீதிமன்றம் அவரை விடுவித்தது. இதற்கிடையே, 2008ஆம் ஆண்டின் சட்டத் திருத்தம், தக்க கவனத்துடன் நடந்து, குற்றம் தெரிந்தவுடன் அதை நீக்கும் தளத்தாருக்குப் பாதுகாப்பு அளித்தது.

இதில் நியாயம் உண்டு. இலட்சக்கணக்கான பொருள்களை ஒவ்வொன்றாகச் சோதிப்பது எளிதன்று. எதற்கெடுத்தாலும் தளத்தாரைச் சிறையில் அடைத்தால், அவர்கள் அஞ்சிச் சிறு வியாபாரிகளைச் சேர்க்கவே மாட்டார்கள். 2017இல் புவிசார் குறியீடு பெற்ற மாமல்லபுரம் கற்சிற்பங்களைச் செதுக்கும் சிற்பியும் தம் சிலையை வெளியூருக்கு விற்க வழியின்றி நிற்பார்.

ஆயினும் எல்லாப் பொருளும் ஒன்றல்ல. 2013இல் உச்ச நீதிமன்றம், 18 வயது நிரம்பாதவருக்குத் திராவகம் விற்கக் கூடாது; மற்றவரிடமும் அடையாளச் சான்றும் வாங்கும் காரணமும் கேட்டுப் பதிய வேண்டும் என்று ஆணையிட்டது. 2022 டிசம்பரில் தில்லியில் 17 வயதுப் பள்ளி மாணவி மீது திராவகம் வீசப்பட்டது. அது ஃப்ளிப்கார்ட் தளத்தின் வழியே வாங்கப்பட்டதெனக் காவல்துறை கூறியது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஃப்ளிப்கார்ட்டுக்கும் மீஷோவுக்கும் நோட்டீஸ் அனுப்பியது. ஏறக்குறைய அதே வயதினராகிய எங்களை அச்செய்தி நடுங்க வைத்தது.

தளத்தாருக்குக் குற்றம் 'தெரிந்தது' என்பதற்கு நீதிமன்றத்தின் அல்லது அரசின் ஆணை வேண்டும் என்று 2015இல் உச்ச நீதிமன்றம் விளக்கியது. அது பேச்சுரிமை பற்றிய வழக்கு. ஒருவர் எழுதியது சரியா, தவறா என்பதை நீதிபதி சொல்வதே நன்று. ஆனால் திராவகப் புட்டிக்கு அத்தகைய ஆராய்ச்சி எதற்கு? ஆணை வருமுன் புட்டி வீடு வந்து சேர்ந்துவிடுமே!

பணத்தை வாங்குவதும், தரகைக் கழித்துக்கொள்வதும், பொருளை அனுப்பி வைப்பதும் தளம் என்றால், அது வெறும் இடம் கொடுத்தவர் ஆகாது. ஆகவே எங்கள் கருத்து இதுதான்: சாதாரணப் பொருளில் தவறு நேர்ந்தால், தெரிந்த பின்னும் நீக்காத தளமே குற்றவாளி. திராவகம், போதைப்பொருள் போன்றவற்றிலோ, விற்பனைக்கு வைக்குமுன்பே தடுக்காத தளம் பொறுப்பேற்க வேண்டும். இலாபத்தில் பங்கு உண்டு, பழியில் பங்கு இல்லை என்பது நீதியன்று.

வாங்குவோராகிய நமக்கும் கடமை உண்டு. தகாத பொருள் விற்கப்படுவதைக் கண்டால், பெற்றோரிடம் கூறி, 1915 என்னும் தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்வோமாக. கண்டும் காணாதிருப்பது தளத்தாருக்கு மட்டுமன்று, நமக்கும் அழகன்று.